வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்

என் தங்கைக்கு மைதானத்தில் வைத்த பெயர் சிடுமூஞ்சி. பந்து விளையாட வரும் பையன்களிலிருந்து தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் வரைக்கும் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு. எட்டினாலும் அவள் கண்டுகொள்ள மாட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தி ஏன் சிடுசிடுக்கிறாள் என்று கேட்க ஆளில்லை, பெயர் வைக்க மட்டும் ஊர்ப்பட்ட ஆள்.

கால்பந்து மைதானத்தின் புல்லைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கிறேன் நான். புல் வெட்டும் வண்டியை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். ஆக எங்கள் குடும்பம் மொத்தமும் அந்த ஒரு சுற்றுச்சுவருக்குள்தான் பிழைக்கிறது. காலையில் மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்புவோம், சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவோம். நடுவில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஏதாவது வாய்ச்சண்டை வந்து, கடையில் வந்து என்னிடம் நியாயம் கேட்பார்கள்.

கல்யாணம் முறிந்து ஒரே ஒரு பெட்டியோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து புத்தி சொன்னார்கள். திருப்பி அனுப்பு, பேசி அனுப்பு, அழுதாலும் அனுப்பு என்று. என் வீட்டுக்காரர் அப்போது ஒரு வார்த்தைதான் சொன்னார். "அவ இங்கதான் இருப்பா. பிடிக்காதவங்க இந்தப் பக்கம் வர வேணாம்." அதோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையை அவரே காலி செய்து, சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆம்பளைமேல் மரியாதை, அது அவள் மாமாமேல். கிண்டல் செய்வாள், சண்டை பிடிப்பாள், ஆனால் அவரைப் பற்றி வேறு யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவ்வளவுதான், பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள்.

படிக்கட்டைக் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் மைதானத்துக்கு வந்தாள். புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும் யாரையும் கேட்கவில்லை, குழாயைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், மைதானம் அவளுடையதாகிவிட்டது. மழை நின்ற கையோடு கோல் கம்பத்துக்கு முன்னால் பந்து உதைத்துப் பழகிய ஒருவனிடமிருந்து பந்தைப் பிடுங்கி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனுடைய அணித் தலைவனே வந்து கெஞ்சிய பிறகுதான் எழுந்தாள். புல்மேல் காரை ஏற்றி நிறுத்திய ஒரு பெரிய மனிதருக்கு, கார் கண்ணாடி திறந்திருப்பதை நன்றாகப் பார்த்துவிட்டே தண்ணீரைத் திருப்பி விட்டாள். "ஐயோ, தெரியலையே" என்று ஒரு முகம் வேறு. நான் டீக்கடைக்குள் குனிந்துகொண்டு சிரித்தேன்.

ஆனால் வேலை மட்டும் தற்காலிகம்தான். நிரந்தரம் செய்கிறேன், செய்கிறேன் என்று மைதானத்தை நடத்துகிற கிளப்பின் செயலாளர் இழுத்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் செயலாளர் பழைய ஆட்டக்காரர். ஒரு காலத்தில் நன்றாக விளையாடியிருப்பார், இல்லையென்று சொல்லவில்லை. இப்போது அவருக்கு மைதானம் என்றால் மேடை, மாலை, போட்டோ. கோல் கம்பத்துக்கு முன்னால் பள்ளம் விழுந்தது என்று எங்கிருந்தோ கால்வாய் ஓரத்து மண்ணை லாரியில் அடித்துக் கொட்டச் சொன்னவர் அவர்தான். "இந்த மண்ணு வேணாம் சார், இதுல என்னென்ன கெடக்கோ" என்று என் தங்கை அன்றே சொன்னாள். அவர் கேட்டால்தானே. மண்ணோடு மண்ணாகக் கோரைக்கிழங்கு வந்து இறங்கியது.

கோரையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பார்க்கப் புல் மாதிரியே இருக்கும், கொஞ்சம் வெளிர் பச்சை. தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும், அதுதான் அடையாளம். பிடுங்கினால் கையோடு வந்துவிடும், அப்பாடா என்றிருக்கும். கிழங்கு உள்ளேதான் இருக்கிறது. பிடுங்கிய கோபத்தில் பக்கத்துக் கிழங்கும் சேர்ந்து முளைக்கும். இரண்டு மழைக்குள் ஒரு கோல் பக்கம் முழுக்கப் பரவி, நடு மைதானத்துக்கும் திட்டுத் திட்டாக வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் போட்டி நடத்துகிற சங்கத்திலிருந்து மைதானத்தைச் சோதிக்க வருவதாகத் தகவல் வந்தது. செயலாளர் கடைக்கு வந்து, டீயை உறிஞ்சிக்கொண்டே தங்கையிடம் சொன்னார்.

"இங்க பாரும்மா. சோதனையில தேறிட்டா இந்தப் புல்லு இருக்கட்டும், உன்னையும் நிரந்தரம் பண்ணிடறேன். தேறலைன்னா மொத்தத்தையும் சுரண்டிட்டு பிளாஸ்டிக் புல்லு விரிச்சிடுவோம். அதுக்குத் தண்ணியும் வேணாம், ஆளும் வேணாம்."

கடைசி வார்த்தையை அவர் என்னவோ பெரிய வசதி மாதிரி சொன்னார். தங்கை அவரை முறைத்துவிட்டு, "பார்க்கலாம் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். உப்பைக் கொட்டு என்றான் ஒருத்தன். கொதிக்கிற தண்ணீரை ஊற்று என்றான் இன்னொருத்தன், அதுவும் என் டீக்கடை அடுப்பைக் காட்டி. செயலாளர் ஒரே போடாக, "மருந்து வாங்கித் தர்றேன், மொத்தமா அடிச்சு விடு" என்றார்.

"அடிச்சா கோரை மட்டுமா சாகும்? புல்லும் சேந்து சாகும். அப்புறம் எதைத் தேத்தறது, கட்டாந்தரையையா?" என்று அவள் சீறினாள். "மருந்தை வாங்கிக் குடுங்க சார். எப்படிப் போடறதுன்னு நான் பார்த்துக்கறேன்."

அவள் செய்த வேலையைப் பார்த்தால் உங்களுக்கே பொறுமை போய்விடும். முதலில் வெட்டுவதை நிறுத்தச் சொன்னாள். வெட்டாமல் விட்டால் புல் மெதுவாக வளரும், கோரை விறுவிறுவென்று அதற்குமேல் தலை தூக்கி நிற்கும். அப்படித் தூக்கிய தலைதான் அவளுக்கு வேண்டும். ரப்பர் கையுறை போட்டு, அதன்மேல் பருத்திக் கையுறை போட்டு, மருந்தில் நனைத்து, சொட்டாமல் பிழிந்துவிட்டு, ஒவ்வொரு கோரையாகக் குனிந்து அடியிலிருந்து நுனி வரை தடவி விட்டாள். பக்கத்துப் புல்மேல் ஒரு சொட்டு படக்கூடாது. எதைத் தடவினோம், எதை விட்டோம் என்று தெரிய மருந்தில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்துகொண்டாள். கோல் பக்கம் முழுக்க நீல நுனியோடு கோரைகள் நின்றன.

செயலாளர் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, புல்லுக்கு மை போட்டு விட்டிருக்க?" என்றார், சுற்றி நின்றவர்கள் சிரிக்க வேண்டுமென்று. சிரித்தார்கள்.

தடவினால் மட்டும் போதாது. மருந்து இலை வழியாக இறங்கிக் கிழங்கைப் போய்ப் பிடிக்க நாளாகும். அதுவரை வெட்டவும் கூடாது, தண்ணீர் விடவும் கூடாது. வெட்டினால் மருந்து கிழங்குக்கும் போகாது, வெட்டுக் கத்தியில் ஒட்டி, போகிற வழியெல்லாம் நல்ல புல்லில் ஈஷிக்கொண்டே போகும். இதை அவள் கடை வாசலில் நின்று, என் கண்ணெதிரில், என் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"மாமா, நான் சொல்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. யார் வந்து சொன்னாலும் எடுக்காதீங்க."

"சரிம்மா தாயே. வண்டிப் பக்கமே போகலை, போதுமா?"

"உங்களை நம்ப முடியாது." சொல்லிவிட்டு வண்டியின் இருக்கையில் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போனாள். அவர் சிரித்துக்கொண்டே, "உன் தங்கச்சி எனக்கு பதிலா செங்கல்லை டிரைவரா போட்டுட்டா பாரு" என்றார்.

கடைசித் திட்டையும் தடவி முடித்த அன்றே அவளுக்குப் பல்வலி வந்துவிட்டது. கன்னம் வீங்கி, கண் பாதி மூடிப்போயிற்று. மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் நானே அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பல்லைப் பிடுங்கி, வாயில் பஞ்சை வைத்து அனுப்பினார்கள். "வீட்டுக்குப் போய்ப் படுடி" என்றேன். கேட்கிற ஆளா அவள். மைதானத்துக்குத்தான் போக வேண்டும் என்று கையாலேயே சண்டை போட்டாள்.

வாசலுக்குள் நுழையும்போதே வாசனை வந்தது. வெட்டின புல்லின் வாசனை. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அவள் ஓட ஆரம்பித்துவிட்டாள்.

மைதானம் மழமழவென்று இருந்தது. கண்ணுக்கெட்டின வரை ஒரு நீல நுனிகூட இல்லை. யாரோ ஒரு பெரிய மனிதர் சாயங்காலம் பரிசு கொடுக்க வருகிறாராம், போட்டோவில் புல் காடு மாதிரி தெரியுமாம். செங்கல் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. என் வீட்டுக்காரர் வண்டிச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், எங்களைப் பார்க்காத மாதிரி.

அவள் வாயிலிருந்த பஞ்சைத் துப்பினாள். ரத்தத்தோடு கத்தினாள்.

"என்ன மாமா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"செயலாளர் வந்து நின்னாரும்மா. வெட்டுன்னு சொல்லிட்டார். நான் என்ன பண்றது?"

"முடியாதுன்னு சொல்றது!"

"அவர்கிட்ட எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது?"

"எனக்கு சரின்னு சொன்னீங்கள்ல? அந்த வாய்தானே?"

அவர் துடைத்த சக்கரத்தையே திரும்பத் துடைத்தார். எனக்கு அவரை அந்தத் துணியாலேயே நாலு சாத்து சாத்த வேண்டும்போல இருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவருடைய ஒரு குணம் எனக்கு அத்துப்படி. வீட்டில் சொந்தக்காரர்களிடம் புலி. செயலாளரைக் கண்டால் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும். செயலாளர் திட்டவும் மாட்டார், அடிக்கவும் மாட்டார். இருந்தும் என்ன பயமோ.

ஒரு வாரத்தில் மஞ்சள் தெரிய ஆரம்பித்தது. முதலில் கோல் பக்கம், பிறகு நீள நீளமாக, வண்டி போன வழியெல்லாம் பட்டை பட்டையாக. வண்டி எங்கே திரும்பியது என்பதுகூடத் தெரிந்தது. பார்க்கிறவன் எவனுக்கும் மருந்தைக் கண்டபடி கொட்டிப் புல்லை எரித்துவிட்டாள் என்றுதான் தோன்றும். செயலாளர் வருகிறவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டும் இருந்தார். சோதனை நாள் நெருங்கிவிட்டது.

முந்தின நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள்தான் பேச்சை எடுத்தாள். கத்தவில்லை.

"மாமா, நாளைக்குக் கேப்பாங்க. நீங்கதான் வெட்டினீங்க, நான் வேணாம்னு சொல்லியும் வெட்டினீங்கன்னு சொல்லிடுவீங்கள்ல?"

"சொல்லாம? நானே சொல்றேன். தப்பு என்மேலதானே?" என்றார் அவர், சட்டென்று. பிறகு, "ஆனா நீ வாயைத் திறக்காதே. நீ கத்த ஆரம்பிச்சா வந்தவங்க உன் கோபத்தைத்தான் பார்ப்பாங்க, விஷயத்தைப் பார்க்க மாட்டாங்க. என்கிட்ட விட்டுடு" என்றார்.

"சரி மாமா" என்றாள். அவளிடமிருந்து அவ்வளவு சாதுவாக ஒரு சரி வந்து நான் கேட்டதேயில்லை.

இரண்டு பேர் வந்தார்கள். அளவு நாடாவோடு ஒரு ஆள், வெயிலுக்குத் தொப்பி போட்ட ஒரு அம்மா. அந்த அம்மாதான் மேலதிகாரி. செயலாளர் அவர்களைக் கோல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். என் தங்கையும் என் வீட்டுக்காரரும் பின்னால் போனார்கள். வந்தவர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு தட்டோடு நான் போகும்போது செயலாளர் பேசிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எங்க ஆளோட கைங்கரியம் மேடம். நம்பி விட்டோம். கண்ட மருந்தைக் கொட்டி எரிச்சு வெச்சிருக்கா. இனிமே இது தேறாது. பேசாம பிளாஸ்டிக் போட்டுடலாம்."

தொப்பிக்கார அம்மா என் தங்கையைப் பார்த்தார். "நீங்கதானே பார்த்துக்கறீங்க? என்னம்மா ஆச்சு?"

அவள் பேசவில்லை. உதட்டை அழுத்திக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் வண்டிச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார் அந்த அம்மா மறுபடியும்.

அவள் மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. உள்ளுக்குள் எப்படிக் கொதித்திருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் கூடப் பிறந்தவள். வாய் மட்டும் திறக்கவில்லை. அவர் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். பேசப்போகிறார் என்று நினைத்தேன். குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"பாருங்க மேடம், பதிலே இல்லை" என்றார் செயலாளர், சிரித்துக்கொண்டு. "இல்லைன்னா இவ வாய் எட்டூருக்குக் கேக்கும்."

அந்தச் சிரிப்புதான். அதற்குமேல் என்னால் முடியவில்லை. டீத் தட்டை அப்படியே தரையில் வைத்தேன், பாதி டீ கொட்டியது.

"ஏங்க! வாயில பூட்டா போட்டிருக்கு? நேத்து சோத்துக்கு முன்னாடி உக்காந்து என்ன சொன்னீங்க? அவ தடவித் தடவி முதுகு ஒடிஞ்சு நின்னா, பல்லு பிடுங்கப் போன நேரம் பார்த்து வண்டியை எடுத்து ஓட்டினது யாரு? வெட்டாதீங்கன்னு என் கடை வாசல்ல நின்னு சொன்னாளே, காதுல விழலையா? மேடம், வெட்டினது என் புருஷன். வெட்டச் சொன்னது இதோ, இந்த சார். பட்டை பட்டையா மஞ்சளா இருக்கே, அது வண்டி போன தடம். மருந்தை ஊத்தினா இப்படி நேர்கோடாவா காயும்?"

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஆமா மேடம்" என்றார். "நான்தான் வெட்டினேன். வேணாம்னு அவ சொல்லியிருந்தா."

"நான் ஓரத்தை மட்டும்தானே வெட்டச் சொன்னேன்" என்றார் செயலாளர்.

"முழுசா வெட்டச் சொன்னீங்க சார்." சொன்னார். அதையாவது சொன்னார்.

தொப்பிக்கார அம்மா அதற்குமேல் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து மஞ்சள் பட்டையிலிருந்து ஒரு கொத்தைப் பிரித்துப் பார்த்தார். கீழே வேர் வெள்ளையாக, உயிரோடுதான் இருந்தது. பிறகு கோல் வலைக்குப் பின்னால், வண்டி நுழைய முடியாத சந்துக்குப் போனார். அங்கே கோரை நீல நுனியோடு கருகிச் சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றிப் புல் பச்சையாக, ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. ஒரு கோரையைத் தோண்டி, கிழங்கை நகத்தால் கீறினார். அழுகியிருந்தது.

"கையாலயா தடவினீங்க?"

"ஆமா மேடம்" என்றாள் என் தங்கை. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

புல் இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம் என்று அந்த அம்மா அங்கேயே சொல்லிவிட்டார். வெட்டினதால் தப்பின கோரை மறுபடி தலை தூக்கும், அதை இதே மாதிரி தடவட்டும், அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன், அதுவரை இந்தப் பெண்ணைக் கேட்காமல் யாரும் வண்டியை எடுக்கக்கூடாது என்றார். செயலாளர் காற்றடிக்கிற பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "இவங்களை நிரந்தரம் பண்ணணும்னு நானே சொல்லிட்டிருந்தேன் மேடம்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. ஆனால் மேலதிகாரி முன்னால் சொல்லிவிட்டார், இனி மாற்ற முடியாது.

அவர்கள் போன பிறகு நான் ஸ்ட்ராங்காக ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. வலைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தாடி நிரந்தரம், டீயைப் பிடி" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் என் கை அப்படியே நின்றுவிட்டது. செயலாளரைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"உன்னை யாரு பேசச் சொன்னா?"

"என்னடி இப்படிக் கேக்கற? நான் பேசலைன்னா உன் வேலை போயிருக்கும்!"

"போயிருக்கட்டும். உன்னை யாரு பேசச் சொன்னான்னு கேக்கறேன்."

"அவர் சொல்ல மாட்டார்டி. செருப்பைப் பார்த்துட்டு நின்னதை நீ பார்க்கலை? எனக்குத் தெரியாதா என் புருஷனை?"

"உனக்குத் தெரியும் அக்கா." அவள் குரல் உடைந்தது, கோபத்திலா அழுகையிலா என்று எனக்குத் தெரியவில்லை. "எனக்குத் தெரியாதே. தெரிஞ்சுக்கத்தானே பல்லைக் கடிச்சிட்டு நின்னேன். நானே சொல்லியிருக்க மாட்டேனா, எனக்கென்ன வாயா இல்லை? இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா மாமா சொல்லியிருப்பாரோ என்னவோ. சொல்லாமயே நின்னிருப்பாரோ என்னவோ. நீ நடுவுல வந்து கத்திட்ட. இனிமே சாகற வரைக்கும் எனக்கு அது தெரியாது."

மைதானத்தின் அந்தக் கோடியில் என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார்.